லில்லி பெயரில் மூன்று கடிதங்கள்

திருத்தணி, சித்தூர் ஜில்லா
17-10-1948

கர்த்தருக்குள் என் பிரிய மகள் மார்கரெட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் நைனாவும் சுகமாயிருக்கிறோம், பம்பாயில் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். எப்போதும் நாங்கள் மூன்று பேரும் சுகம் என்றுதான் எழுதுவேன், இந்தத் தடவை ஒரு பெயர் குறைகிறது, அது கை தவறி விட்டுப்போனது இல்லை கண்ணு. இந்தக் கடிதத்தை உன் பெயருக்கு அனுப்பாமல் ஹாஸ்டல் வார்டனம்மாவுக்கு அனுப்பி, சனிக்கிழமை கடைசி வகுப்பை நீ நடத்தி முடித்துச் சாப்பிட்ட பிறகு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே படி, நின்றுகொண்டு படிக்காதே. நம் லில்லி இல்லை. ஆடிக் கிருத்திகை அன்று விடியற்காலையில் உன் தங்கை கர்த்தரிடம் போய்விட்டாள். மூன்று மாதம் ஆகப்போகிறது, இப்போதுதான் உனக்கு எழுதுகிறேன்.

தொண்டை வலிக்கிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்துப் படுக்கப் போட்டேன், மழையில் நனைந்ததுதான் காரணம் என்று நினைத்து அந்த ஒரு நாளைப் போக்கிவிட்டேன். மறுநாள் குரலே மாறிப்போயிற்று. நைனா ஆபீசுக்குப் போகும் ரயிலிலேயே அரக்கோணத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டிப்தீரியா, தொண்டைக்குள் தோல்போலப் படர்ந்து மூச்சை அடைத்துவிடும் என்று டாக்டர் சொன்னார், ஊசி போட்டார், நேற்றே வந்திருக்கலாமே என்று மட்டும் கேட்டார், கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சாப்பிடும்போது இங்கிலீஷில் கேட்டால்தான் ரசம் என்று நான் உங்களுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தேனே, நீ முழு வாக்கியமாகக் கேட்பாய், அவள் பாத்திரத்தைக் கையால் காட்டிவிட்டு, கை இங்கிலீஷ்லதாம்மா கேக்குது என்பாள். ஆஸ்பத்திரியிலும் பேச்சு வராமல் கையைத்தான் காட்டினாள். தண்ணீர் கொடுத்தேன், விழுங்க முடியவில்லை. இரண்டு நாள் இருந்தாள்.

ஊருக்குக் கொண்டுவந்தபோது தெருவெல்லாம் காவடி, மலைக்குப் போகிற கூட்டம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு எப்படிக் கடப்பது என்று நம் சபைக்காரர்கள் திகைத்து நின்றுவிட்டார்கள். பம்பை அடித்துக்கொண்டிருந்தவர்கள் சின்னப் பெட்டியைப் பார்த்ததும் தாங்களாகவே நிறுத்தினார்கள், மஞ்சள் துணி கட்டிய ஒரு பெரியவர், வயி வுடுங்கப்பா, கொயந்த போவுது என்றார். அத்தனை பேரும் ஓரமாய் ஒதுங்கினார்கள். கண்டிகைக்குப் போகிற சாலையோரம் நம் கல்லறைத் தோட்டத்தில் வைத்திருக்கிறோம்.

அன்றைக்கு நீ அங்கே டைபாய்டில் கிடந்தாய். குடல் ஆறும்வரை பெண்ணின் மனது அதிரக்கூடாது என்று வார்டனம்மா எழுதியிருந்தார்கள். எழுந்து உட்காரட்டும், பிறகு சொல்லலாம் என்றார் நைனா. நீ எழுந்து உட்கார்ந்து பென்சிலால் எழுதிய முதல் வரியே, லில்லியை எனக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதச் சொல், வழக்கம்போலத் திருத்தி அனுப்புகிறேன் என்பதுதான். என்ன செய்வேன். அவள் காய்ச்சலுக்கு முந்தின வாரம் உனக்கு எழுத ஆரம்பித்துப் பாதியில் விட்ட காகிதம் ஒன்று பைபிளுக்குள் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் கையெழுத்தைப் பழகினேன். எங்கெங்கே தவறு செய்வாள் என்பதையும் அதிலிருந்துதான் பார்த்துக்கொண்டேன். மதராஸ் காலேஜில் படித்துவிட்டு வந்து உங்கள் இருவருக்கும் பிழையில்லாமல் எழுதச் சொல்லிக்கொடுத்த நான், உட்கார்ந்து பிழையோடு எழுதக் கற்றுக்கொண்டேன். உனக்கு லில்லி பெயரில் வந்த மூன்று கடிதங்களும் நான் எழுதியவை. நைனாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

போன வாரம் உன் உறைக்குள் இரண்டு காகிதம் இருந்தன. ஒன்று நீ திருத்திய மூன்றாவது கடிதம். ஐ ஆம் ஹேவிங் ஒன் சிஸ்டர் என்று நான் அவளைப்போலவே எழுதியிருந்ததை அடித்துவிட்டு, காய்ச்சல் வந்தால் ஹேவிங் என்று சொல்லிக்கொள், அது வந்து போகிறது, அக்கா வந்து போகிறவளா, ஹேவ் என்று எழுதடி கழுதை என்று ஓரத்தில் சிவப்பு மசியில் எழுதியிருந்தாய். இன்னொன்று நீ எனக்கு எழுதியது. பெரியவர்களுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுக்கும் உங்கள் பள்ளியில் வாசலைத் தாண்டினால் இங்கிலீஷ் தவிர வேறு பேச்சு கூடாது என்றும், குடும்பம் என்கிற பாடத்துக்கு நீயே மாதிரி என்றும், ஐ ஹேவ் ஒன் சிஸ்டர், ஷி இஸ் நைன் இயர்ஸ் ஓல்ட் என்று நீ சொல்ல, ஜவுளிக்கடை குமாஸ்தாக்களும் கல்யாணம் நிச்சயமான பெண்களும் சேர்ந்து திருப்பிச் சொல்லுகிறார்கள் என்றும், ஒரு நாளைக்கு நாலு வகுப்பாய்ச் சொல்லிச் சொல்லி லில்லியைப் பாதி பம்பாய்க்குத் தெரிந்துவிட்டது என்றும் எழுதியிருந்தாய். கராச்சியிலிருந்து வந்த ஒரு மாணவர் எழுந்து இறந்தகாலத்தில் ஐ ஹேட் டூ பிரதர்ஸ் என்றாராம், நீ ஹேட் இல்லை, ஹேவ் என்று திருத்தினாயாம், அவரும் பணிவாக ஹேவ் என்று சொல்லி உட்கார்ந்தாராம். அவருடைய தம்பிகள் இருவரும் அகதி முகாமில் காலராவில் போய்விட்டவர்கள் என்று பிறகுதான் உனக்குத் தெரிந்ததாம். அவர் சரியாகத்தான் சொன்னார் அம்மா, நான்தான் கேட்காமல் திருத்தினேன் என்று எழுதியிருந்தாய்.

நைனா இரண்டையும் படித்தார். மூன்று கடிதங்களைப் பற்றி அப்போதுதான் அவருக்குத் தெரியும். என்னைத் திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, போதும் மனோன்மணி, பொண்ணு வாயால ஒரு நாளைக்கு நாலு வாட்டி அதைச் சொல்ல வெச்சிகினு கீறோம், எழுதிடு என்றார்.

நீ என்னிடம் கோபித்துக்கொள், அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. உன் தங்கைக்காக அழ வேண்டிய நாட்களை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பயம், இனிமேல் நான் சுகம் என்று எழுதினால் நீ நம்புவாயா என்பது. ஆகையால் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், நைனாவுக்கு ஒரு வாரமாய் இருமல் இருக்கிறது, சளிதான், டாக்டர் பார்த்துவிட்டார். எனக்குத் தூக்கம் சரியில்லை. முன்பக்கத்து ஓடு இரண்டு உடைந்து ஒழுகுகிறது. இதற்குமேல் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பாடம் வந்தால் ஹேவ் என்பாயோ ஹேட் என்பாயோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முடியாவிட்டால் ரயில்வே ஸ்டேஷன் பாடத்தை நடத்து. நேற்று அரக்கோணம் ரயிலில் அம்மையார்குப்பத்து நெசவுக்கார அம்மாள் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, ஒனக்கு எத்தினி பசங்கம்மா என்று கேட்டாள். எனக்கு ரெண்டு பொண்ணுங்க என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு யோசித்தேன், பொய் சொன்னதாகவே தோன்றவில்லை. நம் பேச்சில் அதற்கு இருக்கிறது என்றும் வேண்டாம், இருந்தது என்றும் வேண்டாம். பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே வந்ததும் நீயும் அப்படிச் சொல்லிக்கொள்.

கிறிஸ்துமஸ் லீவு கொடுத்தால் வா, கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வராதே, நாங்கள் வருகிறோம். வருவதானால் தந்தி கொடு, நைனா அரக்கோணத்தில் பம்பாய் மெயில் ரயிலுக்கு வந்து நிற்பார். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடி, டைபாய்டு திரும்பினால் பொல்லாதது. இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு கார்டில் உன் பெயரை மட்டும் எழுதிப் போடு. கர்த்தர் உன்னை உள்ளங்கையில் வைத்துக் காப்பாராக.

உன் அம்மா,
மனோன்மணி ஜெபரத்தினம்

இத்துடன் லில்லி பாதியில் விட்ட அந்தக் காகிதத்தை வைத்திருக்கிறேன். ஐந்து வரிதான். மூன்றாவது வரியில் ஐ ஆம் ஹேவிங் ஒன் சிஸ்டர் என்றுதான் இருக்கும். இது அவளே எழுதியது. இதைத் திருத்தாதே.