இடது பக்கத்துப் பம்பு

காலையிலிருந்து குளியலறையில் வினிகர் நெடி. பழைய பிளாஸ்டிக் மக்கில் உன் தொட்டியின் இடது பக்கத்துப் பம்பு ஊறிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் சுண்ணாம்பாகப் படிந்திருந்த வெள்ளை, நுரைத்துக் கழன்று வருகிறது. பல் தேய்க்கப் போன உன் அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, "என்ன, ஊறுகா போடுறியா?" என்றார். நான் பழைய பிரஷ்ஷால் பம்புக்குள் சுழலும் விசிறியின் இடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உன்னோடு பேச வேண்டும் போல இருந்தது. அதனால் கையைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மஸ்கட்டில் அத்தனை வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாமென்று, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கே நீ வந்து சேர்ந்தாய். வந்த வாரமே என்னிடம் கேட்டாய்: "அண்ணி, கூடத்துல கிழக்குச் சுவரு சும்மாதானே இருக்கு?" நான் என்னவோ சாமி படம் மாட்டப் போகிறாய் என்று நினைத்து, ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சுவர் முழுக்க ஒரு கண்ணாடித் தொட்டி வரப்போகிறது, அதில் கடல்தண்ணீர் இருக்கும், பவளம் வளரும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. உன் அண்ணன் ஏற்கெனவே தலையாட்டியிருந்தார். இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். நடுவிலே உப்புத்தண்ணீர் ஒரு கேடா என்று கேட்டேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. இந்த வீட்டில் அசைக்க முடியாதபடி ஓர் இடம் பிடிப்பதற்காகத்தான் இவ்வளவு கனமான ஒன்றைக் கொண்டுவருகிறாய் என்று எனக்குள் ஓடியது.

ஆனால் உன்னைவிடச் சந்தேகக்காரியை நான் பார்த்ததில்லை. பம்பு வாங்குவதற்குள் நீ படுத்திய பாடு! தெப்பக்குளம் பக்கத்து மீன்தொட்டிக் கடைக்காரர், "மேடம், பெரிசா ஒண்ணு போட்டா போதும், தண்ணி சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார்.

"அது நின்னு போச்சுன்னா?"

"ஏன் மேடம் நிக்குது?"

"பம்புன்னா நிக்கும். நிக்காத பம்பு எந்தக் கடையில இருக்கு?"

மணிக்கு இத்தனை லிட்டர் தள்ளும் என்று பெட்டியில் போட்டிருந்த கணக்கை நீ ஒத்துக்கொள்ளவே இல்லை. வெறும் தண்ணீரில் ஓட்டிப் பார்த்து எழுதியது, பாறை அடுக்கினால் பாதிகூட வராது என்றாய். கையை விட்டால் ஷாக் அடிக்குமா என்று நான் கேட்டதும் உனக்கு என்மேல் ஒரு மரியாதை வந்தது. குறைந்த வோல்ட்டில் ஓடுவதுதான் வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தாய். பம்பின் வாய்க்கு வலை இருக்கிறதா, ஊர்ந்து போகிற உயிரை உறிஞ்சிவிடுமா, இரவில் உறுமுமா என்று கேட்டுக்கொண்டே போனாய். கடைக்காரர் பாவம், எங்களுக்கு டீ சொன்னவர் அவரே இரண்டையும் குடித்தார்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் எனக்கு விளக்கினாய். மீன் தின்பதைத் தேடிப் போகும். பவளம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். சாப்பாடும் தண்ணீரில்தான் வர வேண்டும், கழிவும் தண்ணீரோடுதான் போக வேண்டும். அதற்காக ஒரே பக்கமிருந்து பீய்ச்சி அடித்தால் சதை உரிந்துவிடும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மாற்றி மாற்றி ஓட வேண்டும். "படுத்த படுக்கையா இருக்கிற நோயாளி மாதிரிதான் அண்ணி. நாமதான் புரட்டிப் போடணும்." அப்படித்தான் அந்த இரண்டு பம்புகளும் வந்தன. வேகத்தைத் திருகி மாற்றும் சின்னக் கறுப்புப் பெட்டியைத் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினாய். ராத்திரியானால் தானாகவே வேகம் குறையும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். உள்ளே ஏதோ கடிகாரம் இருக்கிறது என்று நீயும் நினைத்துக்கொண்டாய்.

பவளங்கள் வந்தன. முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு இடது பக்கத்தில் இருந்த பச்சைப் பவளம் சுருங்க ஆரம்பித்தது. அதன்மேல் பழுப்பாகத் தூசு படிந்தது. நீ காலையில் நர்ஸிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கத் தில்லைநகருக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் வருவாய். வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொள்வாய். பம்பு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். தூசு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் பாடம் இல்லையென்று சாப்பாட்டு வேளை முடிந்ததும் வந்துவிட்டாய். கதவு திறந்த சத்தத்தில் நான் சோபாவிலிருந்து எழுந்தேன். தொட்டியில் தண்ணீர் ஊர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளு."

"பம்பை யாரு கொறைச்சது?"

"நான் அதைத் தொடவே இல்ல."

"வேற யாரு இருக்கா வீட்ல?"

"அப்ப நான்தான்னு சொல்றியா?"

"சத்தம் தூக்கத்தைக் கெடுக்குதுன்னா சொல்லிடுங்க அண்ணி. வேற ஏதாவது பண்ணலாம்."

அந்த 'நீங்க', 'அண்ணி' எல்லாம் எவ்வளவு மரியாதையாக வந்து எங்கெங்கே குத்தின என்று உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? மறுநாள் நீ போன பிறகு பார்த்தேன். வேகத்தைத் திருகும் குமிழின் குறுக்கே ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒட்டியிருந்தாய், யாராவது திருகினால் கிழியும்படி. சொந்த வீட்டுக் கூடத்தில் என்னைப் பிடிக்கப் பொறி வைத்திருந்தாய். அண்ணனிடம் என்னைப் போட்டுக்கொடுக்கத்தான் ஆதாரம் சேர்க்கிறாய் என்று உறுதியாக நம்பினேன். பிளாஸ்திரி கிழியவே இல்லை, தூசும் நிற்கவில்லை. பழையதைப் பிரித்துவிட்டுப் புதிதாக நான் ஒட்டிவைக்கிறேனோ என்று அடுத்த சந்தேகம் உனக்கு. முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் உன் அலமாரியில் வைத்துப் பூட்டினாய்.

உன் அண்ணனிடம் முறையிட்டேன். பொன்மலைக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், "ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்க, என்னை விடுங்க" என்று ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. தங்கை ஏற்கெனவே ஓதிவிட்டாளோ?

அப்புறம் ஒருநாள் தலைவலி என்று லீவு போட்டாய். தலைவலி எதுவும் இல்லை என்று உன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தொட்டிக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாய். நானும் விடுவதாக இல்லை. கீரையை ஆய எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். ஒருவர் மேல் ஒருவர் கண் வைத்துக்கொண்டு இருந்தோம். மத்தியான வெயில் சாய்ந்து, மேற்கு ஜன்னல் வழியாக வந்து தொட்டியின் கண்ணாடியில் பளபளத்தது. கண்ணாடிக்குள் மீன்கள் மறைந்து எங்கள் இருவரின் முகங்கள் மட்டும் தெரிந்தன. பழக்கதோஷம். எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினேன்.

நான் திரும்பி வந்து உட்காருவதற்குள் பம்பின் சத்தம் இறங்கிவிட்டது.

நீ எழுந்துபோய்த் திரையை விலக்கினாய். சற்று நேரத்தில் சத்தம் ஏறியது. மூடினாய், இறங்கியது. கறுப்புப் பெட்டியின் முகத்தில் மிளகளவு ஒரு கண் இருந்ததை அப்போதுதான் இருவரும் பார்த்தோம். உள்ளே கடிகாரம் எதுவும் இல்லை. கூடம் இருட்டினால் அதற்கு ராத்திரி. பாவம், மத்தியானமும் ராத்திரியும் அந்தப் பவளங்களுக்கு அரை அலைதான் கிடைத்திருக்கிறது.

நான் ஜெயித்துவிட்ட நிம்மதியில் கீரைக் கட்டை எடுத்தேன். நீ விடவில்லை.

"தெனமும் எதுக்கு அண்ணி ஸ்கிரீனை மூடுறீங்க?"

"சும்மாத்தான்."

"வெயில் உங்க சோபா பக்கம் வரவே இல்லியே?"

போலீஸ்காரன் தோற்றான் உன்னிடம். பொய் சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை.

"வெளிச்சம் கண்ணாடியில அடிச்சா உள்ள ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. மூடினாத்தான் அந்த நீல வெளக்குல எல்லாம் நல்லாத் தெரியுது."

"நீங்க பாப்பீங்களா?"

"நீ போனதும் பாப்பேன். தெனமும்."

வேண்டாம் என்று ஊருக்கே கேட்கும்படி சண்டை போட்டவள், உன் எதிரில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? அதனால்தான் நீ கேட்ட அன்றும் சொல்லவில்லை. மத்தியானத்தில் தண்ணீர் மெதுவாக ஆடுவதை நான் எப்போதோ கவனித்திருந்தேன். நீயே அப்படி வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். சொன்னால், பார்த்தது தெரிந்துவிடும்.

நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கீரையில் பாதியை உன் பக்கம் இழுத்துக்கொண்டு, "எது ரொம்பப் புடிக்கும்?" என்று கேட்டாய். அந்த இடது பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் கோடு போட்ட மீனைச் சொன்னேன். அதோடு விடாமல், அந்த மூலையில் தண்ணீர் சுற்றுவதே இல்லை, போட்ட தீனி அங்கேயே கிடந்து ஊறுகிறது என்றும் சொன்னேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "இதை ஏன் அண்ணி இவ்ளோ நாளாச் சொல்லல?"

"நீ என்னைக் கேட்டதெல்லாம் யாரு கொறைச்சதுன்னு மட்டும்தானே?"

மறு வாரம் மூன்றாவது பம்பு வாங்க இருவருமாகப் போனோம். பெட்டியைத் திறக்கச் சொல்லி, "இதுல வெளிச்சத்தைப் பாக்குற கண்ணு இருக்கா?" என்று நான் முதலில் கேட்டேன். கடைக்காரர் உன்னைப் பார்த்தார். நீ என் பக்கம் கை காட்டினாய். வாய் அகலமானதாக, மெல்லப் பரவலாகத் தள்ளுவதாக ஒன்றைப் பொறுக்கி அந்த மூலைக்கு வைத்தோம். பச்சைப் பவளம் பிழைக்கவில்லை. மற்றவை பிழைத்தன. அதன்பிறகு, நான் திரையை மூடிப் பார்க்கும் மத்தியானங்களில் பெட்டியின் கண்ணை மூடச் சொல்லி நீயே பிளாஸ்திரியை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணை மூடினாலும் அதற்கு ராத்திரிதானே என்று தலையில் அடித்துக்கொண்டு, உட்கார்ந்து அந்தப் பெட்டியின் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தி ராத்திரி வேலையையே நிறுத்தினாய்.

நீ நோயில் விழுந்தபோதும் உன் குணம் போகவில்லை. தில்லைநகர் ஆஸ்பத்திரியில் எந்த மாத்திரையையும் அட்டையைப் பார்க்காமல் விழுங்கியதில்லை. டிரிப்ஸ் ஓடும் வேகத்தை நீயே பார்த்து, அங்கே நர்ஸாக இருந்த உன் மாணவியையே அதட்டினாய். காலையில் நான் போன் செய்தால் முதல் கேள்வி, "பம்பு ஓடுதா?"

"ஓடுது."

"போனைக் கண்ணாடிகிட்ட வைங்க, கேக்கலாம்."

வைப்பேன். கேட்டுவிட்டு, "இடது பக்கத்துப் பம்பு மொனகுது. கழுவி எத்தனை நாளாச்சு?" என்பாய். படுக்கையில் இருந்தபடி நீ சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை.

கடைசி வாரத்தில் ஒருநாள் காலை. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்தேன். கண்ணை மூடியிருந்தவள் திறந்து கேட்டாய்: "பம்பு?"

"ஓடுது."

வழக்கம்போல அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன். உன் அண்ணன் வீட்டில்தான் இருந்தார். போன் செய்து கண்ணாடியோடு வைக்கச் சொல்லவா என்று நானே கேட்டேன். நீ தலையை அசைத்தாய். "வேணாம் அண்ணி. நீங்க சொன்னாப் போதும்." மறுபடி கண்ணை மூடிக்கொண்டாய்.

எனக்குத் திக்கென்றது. காலையில் கிளம்பும் அவசரத்தில் நான் தொட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை. வாய் பழக்கத்தில் வந்த 'ஓடுது' அது. மாணவியை உன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். காவேரிப் பாலத்தில் நெரிசல். உன் அண்ணனுக்கு ஒரு போன் போட்டால் சொல்லியிருப்பார். ஆனால் அவர் எட்டிப் பார்க்காமலே 'ஓடுது' என்பார் என்று தோன்றியது. மாம்பழச்சாலையிலும் பஸ் நின்று நின்று போனது. வீட்டுக்குள் செருப்போடு ஓடி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தோள் நனையத் தொட்டிக்குள் கையை விட்டேன். இடது பக்கம் தண்ணீர் வந்து உள்ளங்கையில் மோதியது. வலது பக்கமும் வந்தது. மூலையில் இருந்ததும் மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

நீ போய்விட்டாய். தொட்டியை எடுத்துக்கொள்ள வந்த ஒருவரை, அதிகமாகப் புகழ்ந்தார் என்பதற்காகவே திருப்பி அனுப்பினேன். தினமும் காலையில், காபி போடுவதற்கு முன், மூன்று இடத்திலும் கையை விட்டுப் பார்க்கிறேன். சத்தம் கேட்டால் போதாதா என்கிறார் உன் அண்ணன். எனக்குப் போதவில்லை. நீ சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு இந்த வேலை இருக்கவில்லை. அன்று காலை என் ஒரு வார்த்தையை அப்படியே நம்பிவிட்டுப் படுத்துக்கொண்டாயே, அன்றிலிருந்து இது என் வேலை.