முப்பத்தொன்றுக்கு அடுத்தது முப்பத்தாறு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பு என்று பார்த்தால் இங்கே எங்கள் மூன்று பேருக்கும் குறை ஒன்றுமில்லை, அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முரண்டு பிடிக்கிறது. நீயும் உன்னோடு தங்கிப் படிக்கும் மூன்று பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக நடமாடுகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் அங்கே மழையா, துணி காய்ந்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயால் வராதது கையால் வருகிறதா பார்க்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றுபோன கை, பிழை இருந்தால் திருத்திக்கொள். கடிதமே ஒரு பிழையைப் பற்றியதுதான்.

நீங்கள் நான்கு பேரும் சேர்ந்து எழுதிய அறிக்கை வந்து சேர்ந்தது. இரண்டு நாள் எடுத்துக்கொண்டு படித்தேன். புதுப்பிக்க இயலாத வளம் என்ற இடத்தில் என் வயசுதான் ஞாபகம் வந்தது, சிரித்துக்கொண்டேன். நம் சுரங்கத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டு, கிழக்கு வயலில் பதினெட்டு வருஷத்துக்கு நிலக்கரி இருக்கிறது, பத்து வருஷம் வெட்டலாம், பிறகு வருஷா வருஷம் குறைக்கலாம், அந்தப் பத்தாம் வருஷத்தில் தொழிலாளிகளுக்கு வேறு வேலை கற்றுக்கொடுக்கப் பள்ளி திறக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இவ என் வயித்துல பொறந்தவதானா என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கீழே சின்ன எழுத்தில், அளவுகள் சுரங்கத்தின் அளவுப் பிரிவிலிருந்து பெற்றவை என்று போட்டிருந்தது. அளவுப் பிரிவுன்னா நீங்கதானே என்று கேட்டாள். நான்தான். நானும் ஒரு டேப்பும் சேர்ந்ததுதான் அந்தப் பிரிவு. அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

என் வேலை உனக்குத் தெரியும். துளை போடும் இயந்திரத்திலிருந்து கறுப்புத் தூள் வர ஆரம்பித்ததும் நிறுத்தச் சொல்லி, நுனியில் குண்டு கட்டிய இரும்பு டேப்பை உள்ளே விட்டு ஆழம் பார்ப்பேன். கறுப்பு போய் வெள்ளைக் களிமண் வந்ததும் இன்னொரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கரியின் கனம். ஆறு வருஷத்துக்கு முன்னால் கிழக்கு வயலில் துளை போடத் தொடங்கிய வாரம், டேப்பின் மேல் இயந்திரத்தின் சக்கரம் ஏறி நான்கு மீட்டர் நசுங்கிப்போனது. புது டேப் கேட்டு மூன்று படிவம் எழுதிப் போட்டேன், இன்னும் பதில் வந்துகொண்டிருக்கிறது. அதனால் நசுங்கியதை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனையையும் நானே ஆணி அறைந்து ஒட்டினேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. முப்பத்தொன்றுக்கு அடுத்த கோடு முப்பத்தாறு. கிழக்கு வயலில் கரி தொடங்குவது அந்த ஒட்டுக்கு முன்னால், முடிவது ஒட்டைத் தாண்டி, அதனால் கனம் நான்கு மீட்டர் கூடுதலாகக் காட்டும். நான் பார்த்ததைச் சீட்டில் அப்படியே எழுதித் தருகிறேன், நீங்கள் பதிவேட்டில் ஏற்றும்போது நான்கைக் கழித்துவிடுங்கள் என்று எழுத்தரிடம் சொன்னேன், அவரும் கழித்தார். பத்து நாளில் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. அவர் இடத்துக்கு வந்த எழுத்தர் அம்மா கழிப்பார் என்று நான் இருந்தேன். நான் கழித்துத்தான் தருகிறேன் என்று அந்த அம்மா இருந்திருக்கிறார். ஆறு வருஷம் தினமும் பார்த்துக்கொண்டோம், அவர் மகன் பரீட்சை முதல் என் பல்வலி வரை பேசினோம், இதை மட்டும் பேசவில்லை.

போன மாதம் கிழக்கு வயலில் முதல் வெட்டு திறந்தார்கள். ஆறு மீட்டர் கரி என்று பதிவேடு சொன்ன இடத்தில் இரண்டு மீட்டர்தான் இருந்தது. ஓரம்னா மெலிசாத்தான் இருக்கும், உள்ள போகப் போகப் பெருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மட்டும் அறைக்குப் போய் டேப்பை எடுத்து விரித்துப் பார்த்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அந்த வாரம்தான் உன் அண்ணன் வெளியே கிடைத்த பட்டறை வேலையை வேண்டாமென்று எழுதிப் போட்டான். இங்கதான் பதினெட்டு வருஷம் இருக்கேப்பா, அதுக்குள்ள என் பிள்ளையே வேலைக்கு வந்துருவான் என்றான். அண்ணி பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் இல்லையா, அதை நினைத்துச் சொன்னான். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். உன் அப்பன் அவ்வளவு பெரிய வீரன்.

உன் அறிக்கையைப் படித்த பிறகுதான் மேலாளரிடம் போனேன். டேப்பையும் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். விரலால் தள்ளிவிட்டு, எட்டு மாசத்துல ஓய்வு பெறப் போறீங்க, நல்லபடியா கைகொடுத்து அனுப்பி வைக்கிறோம், எதுக்குப் பெரியவரே வாயக் கொடுத்து மாட்டிக்கிறீங்க என்றார். பதிவேட்டை மாற்ற மாட்டாராம். பழைய துளைச் சீட்டெல்லாம் என்னிடம் இருக்கிறது, நூற்றுப் பன்னிரண்டு துளை. உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் நான்கைக் கழித்தேன். அநேகமாக எல்லாவற்றிலும் ஆறு இரண்டாகிறது. உங்கள் பதினெட்டு வருஷம் ஆறு வருஷம்தான் பாப்பா. இரண்டு மீட்டருக்காக இத்தனை மண்ணைப் புரட்டுவார்களா, அதற்கு முன்பே பூட்டிவிட்டுப் போவார்களா, அதுவும் தெரியாது. பத்தாம் வருஷம் நீங்கள் பள்ளி திறக்கும்போது வந்து உட்கார இந்தத் தெருவில் ஆள் இருக்காது. உன் அண்ணனிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். கத்துவான் என்று பார்த்தேன். அந்தப் பட்டறைக்குப் போன் போட்டான், ஆள் எடுத்தாச்சு என்றார்கள். அதிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறான். அம்மா இரண்டு அறைக்கும் நடுவே நின்று பரிமாறுகிறாள்.

வரும் இருபதாம் தேதி அரசாங்கக் குழுவின் முன்னால் நீங்கள் நால்வரும் பேசப் போவதாக எழுதியிருந்தாய். பதினெட்டு என்று பேசாதே. எந்த ஆதாரம் என்று கேட்பார்கள் இல்லையா, சீட்டுகளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து இருக்கிறது. இன்னொன்றும் வைத்திருக்கிறேன். டேப்பை இன்று காலை வெட்டினேன். ஒட்டுப் போட்ட துண்டு அந்தச் சின்ன உறையில் இருக்கிறது, முனை கையைக் கிழிக்கும், பார்த்துப் பிரி. அதை மேஜையில் விரித்து, படிக்கத் தெரிந்த யாரையாவது எண்களை வரிசையாக வாசிக்கச் சொல். அப்பாவுக்கு என்ன ஆகும் என்று கூட்டாளிகளோடு உட்கார்ந்து யோசிக்காதே. கீழே சின்ன எழுத்தில் அளவுப் பிரிவு என்று போடுகிற இடத்தில் என் பேரைப் போடு, பிழை செய்தவர் என்றும் போடு. பள்ளியைப் பத்தாம் வருஷத்திலிருந்து இந்த வருஷத்துக்குக் கொண்டுவா, அது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது. உன் அண்ணன் முதல் ஆளாகப் போய் உட்காருவான். என்னோடு பேசாவிட்டாலும் உட்காருவான்.

கண் டாக்டர் கண்ணாடி மாற்றச் சொல்லி ஐந்து மாதம் ஆகிறது, தள்ளிப் போடாதே. குழுவின் முன்னால் வேகமாகப் பேசாதே, கோபம் வந்தால் நீ என்னைப் போலவே வார்த்தைகளை விழுங்குவாய். நீயும் அந்த மூன்று பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லும் தைரியம் உங்களுக்குக் கடைசிவரை இருக்க வேண்டும். அம்மா உனக்கு முத்தம் என்று எழுதச் சொன்னாள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இந்த உறைக்குத் தபால்தலை வாங்கி வந்து வாசல் அலமாரியில் வைத்துவிட்டுப் போனவன் அவன்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா,
துளைகளை அளந்தவன்