நாலாவது தோட்டா

பிப்ரவரி 3
ஹார்லன் க்ரீக், கொலராடோ

அன்புத் தங்கை ஜோலீனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் ராயும் சுகம். போனில் பேசினால் நீ அழுகிறாய், அதனால் எழுதுகிறேன். பனி முழங்கால் வரைக்கும் கிடக்கிறது.

சபை விருந்துக்கு யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று பட்டியல் போட்டு, வரிவரியாகச் சரிபார்த்து, பென்சிலில் டிக் அடித்து முடித்தேன். டெஸ்ஸா ஞாபகம்தான். "பெரியம்மா, உங்க டிக்குக்கு மட்டும் எப்படி இவ்ளோ நீள வால் முளைக்குது?" என்று கேட்பாளே.

நீ நம்பிக் கொடுத்த போலீஸ் அறிக்கை உறை என் பைபிளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. பிரிக்கவில்லை.

சட்டசபை விசாரணையில் பேசப் போகிறாயாமே? பதினைந்துக்கு மேல் தோட்டா பிடிக்கிற பெட்டியை விற்கக் கூடாது என்று சட்டம் வந்தால் ராயின் துப்பாக்கிக் கடையில் என்ன மிஞ்சும்? "உன் தங்கச்சி வாயைத் தொறந்தா, நான் கடையில தூண்டில் முள்ளுதான் விக்கணும்" என்கிறார். போகாதேடி. உனக்காக உபவாசம் இருக்கிறேன்.

உன் அக்கா
வெர்னா

பிப்ரவரி 14
ப்யூப்ளோ

அன்புள்ள அக்கா,

அத்தானிடம் சொல், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் போகத்தான் போகிறேன். ஆளுக்கு மூன்று நிமிடம் தருகிறார்கள்.

அந்த ஸ்கேட்டிங் அரங்கில் அவன் துப்பாக்கியில் இருந்தது முப்பது பிடிக்கிற பெட்டி. அது தீர்ந்து, வேறு பெட்டி மாட்டத் தடுமாறின நேரத்தில்தான் பதினொரு பிள்ளைகள் பின்கதவால் ஓடித் தப்பித்தார்கள். அவன் பதினைந்திலேயே தடுமாறியிருந்தால் டெஸ்ஸாவும் ஓடியிருப்பாள். இதை நம்பித்தான் தினமும் காலையில் எழுந்து பல் துலக்குகிறேன். வேறு காரணம் எனக்குக் கிடையாது.

அவள் மேல் பட்டது எத்தனையாவது தோட்டா என்று அந்த உறையில் இருக்கும். கேமராவைப் பார்த்து எண்ணியிருக்கிறார்களாம். எனக்குத் தெரிய வேண்டாம். நீயும் பிரிக்காதே அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

சாவுக்கு நீ உருளைக்கிழங்கு சுட்டுக் கொண்டுவந்த கண்ணாடித் தட்டு இங்கேதான் இருக்கிறது. அடியில் உன் பெயர் ஒட்டியபடி.

ஜோலீன்

மார்ச் 8
ஹார்லன் க்ரீக்

அன்பு ஜோலீன்,

விசாரணையில் நான் பேசி முடித்ததும் ஏன் அப்படி எழுந்து போய்விட்டாய்? உன் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். எனக்கு அவமானமாகிவிட்டது.

ஜெபித்துத்தான் உறையைப் பிரித்தேன். பொய்யான நம்பிக்கையில் நீ வாழக் கூடாது என்று கர்த்தர் உணர்த்தினார். நான் மைக்கில் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? "என் தங்கை மகள் மேல் பட்டது நாலாவது தோட்டா. பதினைந்தாக்கினாலும் பத்தாக்கினாலும் அவளுக்கு அது நாலாவதுதான்." அதிகாரி எழுதியதை அப்படியே வாசித்தேன். கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சட்டம் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. பாஸ்டர் என் கையைப் பிடித்து, "உங்களுக்கு ரொம்ப தைரியம் சிஸ்டர்" என்றார்.

சில நாள் வலிக்கும். பிறகு இளைப்பாறுதல் வரும். உறை உன்னுடையது, இத்துடன் அனுப்புகிறேன். ஈஸ்டர் நெருங்குகிறது, அந்தத் தட்டை அனுப்பிவைக்கிறாயா?

உனக்காக ஓயாமல் ஜெபிக்கும்
வெர்னா

மார்ச் 19

வெர்னாவுக்கு,

தட்டு இந்தப் பெட்டியில் இருக்கிறது. கழுவித்தான் வைத்திருக்கிறேன்.

உறையில் இருந்ததை எல்லாம் வாசித்தேன். இனி எதற்குப் பயம்? நாலாவது அவள் முழங்காலில் பட்டது. நீ வாசித்த வரி அதுதான், பொய் இல்லை. அந்தப் பக்கம் அங்கே முடிகிறது.

அடுத்த பக்கத்தில், அவள் பின்கதவை நோக்கித் தவழ்ந்து போகிறாள். இருபத்திரண்டு அடி என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். ஐந்தாவது முதல் பதினாறாவது வரை எல்லாம் மற்றவர்கள் மேலும் சுவரிலும். கதவுக்கு ஒரு கை தூரத்தில், கழுத்தில் பட்டது பதினேழாவது.

அவசரத்தில் பக்கத்தைத் திருப்ப மறந்திருப்பாய் என்று நினைக்கத்தான் பார்த்தேன். ராத்திரி பகலாகப் பார்த்தேன்.

அந்தப் பதினேழுக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு டிக் இருக்கிறது. வால் நீளமாக.

ஜோலீன்