தடா தாண்டிய அம்பாசடர்

மன்னி,

போன வாரம் பேரனோடு நெல்லூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். தடா தாண்டியதும் கைப்பேசி கிணுகிணுத்து, ஆந்திராவுக்கு நல்வரவு என்று செய்தி வந்தது. நம் காலத்தில் அங்கே சோதனைச்சாவடிக் கட்டையும், அதற்கு அப்பால் ஓர் எழுத்தும் புரியாத பலகைகளும்தான். பேரன் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு பறந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உங்களோடு பேசிக்கொண்டு போனேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு காலை. அபிராமபுரத்தில் பக்கத்து வீட்டுக்கு டிரங்க்கால் வந்தது. பாலம் கட்டும் வேலைக்குப் போயிருந்த அண்ணாவின் ஜீப் கவிழ்ந்துவிட்டது, நாயுடுப்பேட்டை ஆஸ்பத்திரி என்பது வரைக்கும் காதில் விழுந்தது. அதற்குள் லைன் அறுந்துபோயிற்று. உயிரோடு இருக்கிறானா என்று கேட்க முடியவில்லை. அப்பா ஊரில் இல்லை. மாம்பலத்திலிருந்து ஒரு டிரைவரை வரவழைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். நீங்கள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அம்பாசடர் சாவியை எடுத்தீர்கள்.

"நீயும் வா. உனக்குத்தான் தெலுங்கு தெரியுமே" என்றீர்கள்.

உங்கள் டிரைவிங் எனக்குத் தெரியாததா? பாண்டி பஜார், கபாலி கோயில் குளம், மிஞ்சிப்போனால் அடையாறு பாலம். பாலம் வந்தாலே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணா இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பான். என் தெலுங்கும் அந்த லட்சணம்தான். கீர்த்தனைகளைத் தமிழில் எழுதிவைத்துப் பாடின தெலுங்கு. ஏன் இன்னும் வரவில்லை என்று சாமியைக் கேட்கத் தெரியும், மனுஷனிடம் வழி கேட்கத் தெரியாது.

ஒருவழியாகத் தடா தாண்டினோம். சூலூர்ப்பேட்டை தாண்டி எங்கேயோ மதகு வேலை நடந்தது. வண்டிகளை வயல் பக்கம் மண் பாதையில் திருப்பிவிட்டிருந்தார்கள். நாற்றங்கால், பனைமரங்கள், அசையாத எருமைகள். கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. வரப்பில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பாதைக்குத் தெலுங்கில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. எந்தத் தமிழ் வார்த்தையானாலும் பின்னால் ஒரு 'மு' போட்டுவிட்டால் தெலுங்கு என்பது மயிலாப்பூர்க்காரர்களின் நம்பிக்கை. நான் தலையை வெளியே நீட்டி, "பாதமு எக்கட?" என்றேன்.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாதம் இங்கதான் கீது தாயீ. நீ எங்க போவணும்?" என்றார், நல்ல தமிழில்.

இடது பக்கம் கையைக் காட்டினார். நீங்கள் ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தீர்கள். கண்ணில் நீர் வழியச் சிரித்தீர்கள். சிரிப்பு நின்ற பிறகும் அந்த நீர் நிற்கவில்லை. மெயின் ரோடு ஏறி, புளியமரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தபோதும் நீங்கள் துடைத்துக்கொள்ளவில்லை. கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்கப் பயம் என்று நினைத்தேன்.

நாயுடுப்பேட்டை ஆஸ்பத்திரி வாசல் வந்தது. நீங்கள் நிறுத்தவில்லை. அதைத் தாண்டி, கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே வாசலுக்கு வந்து, மறுபடியும் தாண்டப் பார்த்தீர்கள்.

"மன்னி! இதுதான் ஆஸ்பத்திரி, சிவப்பா சிலுவை போட்டிருக்கே! உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன்.

வண்டி நின்றது. எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை. "ஓட்டிண்டு இருக்கறவரைக்கும் அவர் இருக்கார்டி. இறங்கினா என்னன்னு தெரியாது" என்றீர்கள்.

நான்தான் சாவியைத் திருப்பினேன்.

அண்ணா இருந்தான். காலில் பெரிய கட்டோடு படுத்திருந்தான். நம்மைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "வண்டிய யார் ஓட்டிண்டு வந்தா?"

"நான்தான்."

"ரேடியேட்டர்ல ஜலம் இருக்கான்னு பாத்தியோ?"

அப்போதுதான் சுவரில் சாய்ந்துகொண்டு வாய்விட்டு அழுதீர்கள். கொஞ்ச நாள் கழித்து நாமே போய் அவனை அழைத்து வந்தோம். பின் சீட்டில் படுத்தபடி வழியெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று நச்சரித்தான். "டிரைவரோட பேசப்படாது" என்று திரும்பாமலே சொன்னீர்கள்.

கடைத்தெருவைச் சுற்றின கதையை வீட்டில் எத்தனையோ தரம் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நீங்களும் கூடச் சிரிப்பீர்கள். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது, இந்தத் தை மாதம் வரைக்கும்.

உங்கள் பிள்ளை விடியற்காலையில் போன் செய்தான். "அத்தை, உடனே வா" என்றான். உங்களைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை. அடையாறில் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றது. நான் இறங்கவில்லை.

"இன்னாம்மா, இதானே சொன்னீங்க?" என்றான் ஆட்டோக்காரன்.

"இதேதாம்ப்பா. நிக்காதே, ஒரு சுத்து சுத்திட்டு வா" என்றேன்.

அவன் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான். அந்த ஒரு சுற்று முடிகிறவரைக்கும் நீங்கள் இருந்தீர்கள், மன்னி.