துரை வீட்டுப் பீர்

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளையும் நலம். உங்களுக்கு முன்பாக இதைப் பிரித்துப் படிக்கும் தடுப்பு முகாம் ஐயாவுக்கும் ஒரு வார்த்தை: இதில் பீரைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தவரின் பெண்டாட்டி பீர் குடித்தாளா என்று கோபப்படாதீர்கள். நம் தோட்டத்துப் பெல்ஜியத் துரைக்கு அவருடைய அப்பாவின் பண்ணையிலிருந்து, சோதனையெல்லாம் தாண்டி ஒரு பாட்டில் வந்தது. பங்களா அடுக்களையில் நான் திறந்ததும் நுரை பொங்கி மேசையெல்லாம் ஓடியது. புளித்துக் கெட்ட கள்ளைப் போலத் தெரிந்ததால் பாதியைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். துரை ஓடிவந்து பிடுங்கினார். ஆனால் திட்டவில்லை.

“கெட்டுப்போகலை லா, குடிச்சுப் பாரு” என்று கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்.

முதலில் பழைய சோற்று நீரின் புளிப்பு. பிறகு மிளகு, லிமாவ் எலுமிச்சைத் தோல், வெயிலில் காய்ந்த புல்லின் வாசனை. இனிப்பே இல்லை. இரண்டு வாயிலேயே காது சூடாகிவிட்டது. இத்தனையும் ஒரு பாட்டிலுக்குள் எப்படி வந்தன என்று இன்னும் யோசிக்கிறேன்.

அந்தப் பண்ணையில் இதைக் குளிர்காலத்தில் காய்ச்சி வைத்து, வெயில் காலத்தில் வயலுக்கு வரும் கூலிகளுக்குக் கொடுப்பார்களாம். கூலியில் அதுவும் சேர்த்தியாம்.

நீங்கள் இருந்திருந்தால் கேட்டிருப்பீர்கள். இல்லாததால் நானே கேட்டேன்.

“அதுக்குப் பதிலா கூலியை ஏத்திக் குடுங்கன்னு அவங்க யாரும் கேட்டதில்லையா, துரை?”

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

நாளையிலிருந்து எனக்குப் பங்களா வேலை இல்லை, வெளிக்காட்டில் புல்வெட்டு. நீங்கள் கூலி உயர்வு கேட்ட அன்றும் இப்படித்தான் பார்த்தாரா?

உங்கள்
வீட்டுக்காரி