இருபத்தொன்றாம் தீர்மானத்துக்கு ஓர் எதிர்ப்பு

அன்புள்ள டெல்மர்,

வாக்குச்சீட்டு தபாலில் வந்துவிட்டது. இந்த முறை இருபத்தொன்றாம் தீர்மானம் நம் ஏரியைப் பற்றியது. அணையை உடைத்துத் தண்ணீரை வடித்துவிடலாமா, கூடாதா என்று கேட்கிறார்கள்.

எப்போதும் போல அடுப்படி மேசையில் கணினியைத் திறந்தேன். தேர்தல் அலுவலகம் தளத்தில் போடும் ஆதரவு வாதங்களை நான் உரக்கப் படிப்பேன், எதிர்ப்பை நீ படிப்பாய், காபி ஆறும்வரை சண்டை போடுவோம். இப்போது இரண்டையும் நானே படிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ட்ரவுட் மீன் பிடிக்கப் போன உன் படகு மட்டும் கரைக்குத் திரும்பியதே, ஊரில் இன்னும் அதே பேச்சுதான். "ஆம்னு போடு. தண்ணி வடிஞ்சா அவரு கிடைப்பாரு," என்கிறாள் பக்கத்து வீட்டு மார்னா.

தேர்தல் அலுவலகத் தளத்தில் ஒரே ஓர் எதிர்ப்புதான் இருந்தது. "ஏரியை விட்டுவிடுங்கள். அடியில் குளிரே இல்லை." கீழே உன் பெயர். தேதி, போன மாதம்.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். உன்னோடு படித்த லொரீன்தான் எடுத்தாள்.

"கையெழுத்த ஒத்துப் பாத்துட்டோம்டி, அவனோடதேதான். காகிதம்தான் சொதசொதன்னு நனைஞ்சிருந்துச்சு," என்றாள்.

நான் 'ஆம்' கட்டத்தைத்தான் நிரப்பினேன். முப்பது வருடத்தில் எப்போது உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்? அது காலையில். மாலையாகியும் மை காயவில்லை. உன் நாற்காலிக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது.

வாக்குச்சீட்டு உறையை இன்னும் ஒட்டவில்லை. எதிர்ப்பை நீயே படி. இந்த முறை குறுக்கே பேசாமல் கேட்கிறேன்.

உன் மனைவி