தேவகி வரும் கப்பல்

பழவேற்காட்டு ஏரிக்கரைத் தோணிரேவிலிருந்து, கடல் தாண்டி ஒல்லாந்தர் பட்டணமான பத்தாவியாவில் கப்பல் தச்சு வேலை செய்யும் என் மகன் நீலமேகத்துக்கு உன் அம்மா மணியம்மாள் சொல்லி எழுதுவித்தது. நீயும் உன் பெண்டாட்டி பிலோமினாவும் அவள் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று கங்கையம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். எழுதுகிறவர் நம் வாத்தியார் துளசிங்கம், எல்லோரும் க்ஷேமம் என்று போடட்டுமா என்று வழக்கம்போலக் கேட்டார், போட்டால் ஓலையைப் பிடுங்கி அடுப்பில் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். அடுப்பும் இப்போது எரியவில்லை, அது வேறு கதை.

முதலில் காரியம். இதை உன்னிடம் கொண்டுவந்து கொடுக்கிறவன் நம் ஊர்க் கோதண்டம். அவன் வேலை செய்கிற அதே கப்பலில்தான் நம் தேவகியும் வருகிறாள், ஒல்லாந்தர் கோட்டையில் விலைக்கு வாங்கி ஏற்றின ஆட்களோடு ஆளாக வருகிறாள். நீ இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பிலோமினாவைத் துறைக்கு அனுப்பு. கரையில் இறக்குகிற இடத்திலேயே அவளைப் பார்த்துவிட வேண்டும், யாராவது வாங்கிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் எந்தத் தீவு எந்தத் தோட்டம் என்று யாரைப் போய்க் கேட்பாய். அவளை விடுவிக்க உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும், நீயே கூலிக்கு உளி பிடிக்கிறவன். ஆனால் பிலோமினாவுக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியும், அவளுடைய தாயும் இந்தக் கரையிலிருந்து இப்படிக் கப்பலேற்றப்பட்டுப் போனவள்தான் என்று நீ முன்பு சொல்லி அனுப்பியிருந்தாய். அவள் வேலைக்குப் போகிற வீட்டு அம்மாளிடம் காலில் விழுந்தாவது சொல்லி, உங்கள் பக்கத்திலேயே ஒரு வீட்டில் இவளை வாங்க வைக்கட்டும். அடி விழாத வீடாகப் பார்க்கச் சொல். ஒரு மாமியார் மருமகளிடம் முதன்முதலாகக் கேட்பது இதுதானா என்று அவள் நினைத்தால் நினைக்கட்டும், நான் கேட்கிறேன்.

தேவகி உனக்கு நினைவிருப்பாள், தருமலிங்கத்தின் மகள், நீ கப்பலேறின அன்று மூக்கு ஒழுக உன் பின்னாலேயே ஓடிவந்து உன் தலைப்பாகையைக் கேட்டு அழுதாளே, அந்தக் குட்டிதான். நீ போன பிறகு வந்த புயலில் உன் நைனாவோடு ஒரே படகில் போனவன் அவள் அப்பன். அந்தப் புயலில் தாலியறுத்தவர்கள் நம் குப்பத்தில் மட்டும் ஒரு தெருவுக்கு இருந்தோம். இதைப் பிலோமினாவுக்குப் புரியும்படி சொல், ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை போடலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வோம், அதற்குப் பாடு என்று பெயர், ஆம்பளை இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது. புருஷன் கடலில் போனால் பாடும் அவனோடு போய்விடும். நான் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, செத்தவர்களுக்குப் பொதுவாக ஒரு பாடு விடுங்கள், அப்பன் இல்லாத பையன்கள் வலை போடட்டும், நாங்கள் காயவைத்து விற்று எல்லோரும் கஞ்சி குடிக்கிறோம் என்று கேட்டேன். பெரியதனக்காரர் பச்சைமுத்து, பொம்பளைக்கு இன்னாத்துக்கும்மா பாடு, வலைய மடியில கட்டிக்கினு எறங்குவியான்னு சிரித்தார். வயித்த மட்டும் ஆம்பளைகிட்ட குடுத்துட்டா பொறந்தோம்னு நான் கேட்டேன். சிரிப்பு நின்றுபோயிற்று. கொடுத்தார்கள், இருக்கிற பாட்டிலேயே மோசமான பாடு, முழங்கால் தண்ணீரும் சேறும் உள்ள இடம், ஆனாலும் கொடுத்தார்கள்.

அந்தச் சேற்றை வைத்துக்கொண்டு நாங்கள் என்னவெல்லாம் செய்தோம் தெரியுமா நீலமேகம். பனைமட்டை வேய்ந்து ஒரு கொட்டகை போட்டோம், நானும் அதே புயலில் தாலியறுத்த பொன்னியம்மாளும் அடுப்பைப் பார்த்துக்கொண்டோம், அவள் மகன் மாரியும் மற்றப் பையன்களும் வலை போடப் பழகினார்கள், தட்டிக்கேட்க ஆள் இல்லாமல் கோட்டை வாசலில் சுற்றிக்கொண்டிருந்த பெண்பிள்ளைகளை இழுத்துவந்து கூடை முடையவும் இறால் காயவைக்கவும் உட்காரவைத்தோம். சிலது முதலில் என்னைக் கடித்தது கூட உண்டு. தேவகிதான் அவர்களுக்கெல்லாம் தலை, வாய் என்றால் அப்படி ஒரு வாய், எனக்குப் பிறகு இந்தக் கொட்டகையை இவள் பார்த்துக்கொள்வாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஒரு பெண்ணும் கப்பலுக்குப் போகவில்லை. பழவேற்காட்டில் அதைச் சொல்லிக்கொள்ள எங்கள் குப்பம் ஒன்றுதான் இருந்தது, அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

அப்புறம் மழை பொய்த்தது. ஒரு வருஷம் பொய்த்தால் சமாளித்திருப்போம், அடுத்த வருஷமும் இல்லை. மேற்கே நெல் விளைகிற ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஏரிக்கரைக்கு வந்துவிட்டார்கள், எங்கள் தெருவில் கால் வைத்தால் மீன் நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் எங்கள் கொட்டகையில் சிரட்டையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆற்றுத்தண்ணீர் வராததால் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டது, ஏரி உப்பாகக் காய்ந்து மீன் செத்து மிதந்தது, பூநாரைகூட இந்த வருஷம் இறங்கவில்லை. பாடு வைத்துக்கொண்டு என்ன செய்வது, சேறுதான் மிச்சம். கடலுக்குப் போனவர்களும் வெறும் வலையோடு வந்தார்கள். அரிசி ஒரே இடத்தில்தான் இருந்தது, கப்பலில் வந்து கோட்டைக்குள் போனது. அது வெளியே வருவதற்கு ஒரே வழிதான் இருந்தது. பெற்றவனே பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அந்த வாசலுக்குப் போவதை நான் கண்ணால் பார்த்தேன், போகிற பிள்ளை திருவிழாவுக்குப் போகிற மாதிரி துள்ளிக்கொண்டு போயிற்று, அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னால் ஆகாது.

வேதாசலம் என்று ஒரு தரகன், கோட்டைக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறவன் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது, துணி வியாபாரம் என்றுதான் சொன்னான். கொட்டகைக்கு வந்து, நீங்கள் செய்கிறது பெரிய தருமம் தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டு அரிசி அனுப்பினான். தெய்வமே மனுஷ ரூபத்தில் வந்தது என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க. தினமும் காலையில் வருவான், புங்கமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டு நாங்கள் கஞ்சி ஊற்றுவதைப் பார்ப்பான். பொன்னியம்மாதான் ஒரு நாள், இவன் இன்னாத்துக்குத் தெனம் வந்து குந்திக்கினு கீறான், யாரு ஒடம்பு தேறிச்சின்னு பாக்குற மாரி இருக்குதேன்னு சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எலும்பும் தோலுமாக வருகிறதுகளை நாங்கள் வரிசையில் உட்காரவைத்து, ஊட்டி, கன்னத்தில் சதை பிடிக்கவைத்து, அவன் கண்ணுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டிருந்தோம். சந்தையில் மாடு தேற்றுகிறவன் கூட அதற்குக் காசு வாங்குவான், நாங்கள் சும்மா செய்தோம்.

நான் சும்மா இருக்கவில்லை, உனக்குத்தான் என்னைத் தெரியுமே. கஞ்சி துழாவுகிற துடுப்போடு புங்கமரத்தடிக்குப் போனேன். அவன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, நான் போறேன் தாயே, அரிசியும் போவும், ஒரே ஒரு ஆள வுட்டா மழ வர்ற வரைக்கும் ஒலை கொதிக்கும், யோசன பண்ணுன்னு சிரித்துக்கொண்டே சொன்னான். நான் சொன்ன பதிலை வாத்தியார் எழுத மாட்டேன் என்கிறார், போகட்டும். அரிசி நின்றது. நத்தை, கோரைக்கிழங்கு, புளியங்கொட்டை என்று என்னென்னமோ வேகவைத்தோம். குழந்தைகள் முதலில் அழுதன, அப்புறம் அழுவதை நிறுத்திவிட்டன, நிறுத்தினதுதான் பயமாக இருந்தது. இரண்டு குழந்தைகளைப் புதைத்தோம். தேவகிதான் குழி தோண்டினாள்.

ஒரு மத்தியானம் கொட்டகை வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டி நிறைய அரிசி மூட்டை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா, பாவி மனசு கரைந்துவிட்டது, குழந்தைகள் செத்தது அவன் காதுக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன். உலை வைத்தேன். பொங்கினேன், சோற்று வாசனைக்கு எங்கெங்கோ சுருண்டு கிடந்ததெல்லாம் தவழ்ந்து வந்தது. எல்லோருக்கும் ஊற்றினேன். ஊற்றிவிட்டு, என் கையால் ஒரு கவளம் அந்தப் பெண் வாயில் போகட்டும், பிணம் புதைத்த கை என்று, அடியே தேவகி எங்கடீ போய்த் தொலைஞ்சன்னு கூப்பிட்டேன். திரும்பவும் கூப்பிட்டேன். வண்டிக்காரன்தான் தலையைக் குனிந்துகொண்டு, அந்தப் பொண்ணு கோட்டைக்குப் போனதுக்குத்தாம்மா இந்த அரிசின்னு சொன்னான். குழந்தைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன, வாயிலிருந்து பிடுங்கவா முடியும், நான் நின்றேன், அவ்வளவுதான், நின்றேன்.

கோட்டை வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றினேன். அவள் தன் சம்மதத்தில் வந்தாள், யாரும் இழுத்துவரவில்லை, சாட்சி இருக்கிறது என்று காவலாளி சொன்னான். சம்மதமாம். பசிக்கு முன்னால் யாருக்கடா சம்மதம் இருக்கிறது. உள்ளே விடவில்லை. கடைசியில் படகில் வைத்துக் கப்பலுக்குக் கொண்டுபோன அன்றுதான் பார்த்தேன், படகு வலித்தவர்களும் நம் ஆட்கள்தான், அவர்களுக்கும் கூலியாக அரிசிதான், அவர்களை என்ன சொல்வது. கழுத்தளவு அலையில் நின்று பெயர் சொல்லிக் கத்தினேன். அவள் எழுந்து நின்று, அத்தே, அழாத, அடுப்ப மட்டும் அவிச்சிடாதேன்னு கத்தினாள். அவிக்க மாட்டேன்டி, உன் மேல சத்தியமா அவிக்க மாட்டேன்னு நானும் கத்தினேன். கேட்டது, கேட்டதற்கு அடையாளமாகக் கையை ஆட்டினாள்.

நீலமேகம், அந்தச் சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை. கப்பல் துணிமூட்டைக்காகத் துறையிலேயே காத்துக்கிடந்தது, அந்த நாட்களில் கொட்டகையில் ஒரு பேச்சு கிளம்பியது, அக்கா போனா வண்டி அரிசி வந்துச்சு, நான் போனா இன்னும் வருமேன்னு. பெண்பிள்ளைகள் மட்டுமில்லை, பையன்களும். ஒரு காலையில் மாரி குளித்துத் தலைவாரிப் புங்கமரத்தடியில் திரும்பவும் வந்து உட்கார ஆரம்பித்திருந்த வேதாசலத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தான். பொன்னியம்மா மகனைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, இந்தப் பானை கொதிக்கிற வரைக்கும் அதற்கு அரிசி வேண்டும், அரிசி வேண்டுமென்றால் அடுத்த ஆள் வேண்டும். கப்பலுக்குப் போகாமல் இருக்க நாங்கள் கட்டின இடம்தான் இப்போது கப்பலுக்குப் போகிற துறை. நான் தண்ணீரை எடுத்து அடுப்பில் கொட்டினேன். இருந்த அரிசியை ஆளுக்கு இவ்வளவு என்று முந்தானையில் முடிந்துகொடுத்து, வடக்கே மழை விழுந்ததாகச் சொல்கிறார்கள், நடங்கள் என்று எல்லோரையும் துரத்திவிட்டேன். பொன்னியம்மாதான் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் எத்தனை விழுந்ததோ, மழை நிஜமோ பொய்யோ, ஒரு செய்தியும் இல்லை. கொட்டகையைப் பிரித்துப்போட்டேன். என் காலில் வீக்கம், நடக்க முடியாது, நான் மட்டும் இங்கே இருக்கிறேன், நண்டு பிடித்துத் தின்கிறேன், எனக்காக ஒன்றும் அனுப்பாதே, வந்து சேராது.

உன் பிள்ளை ஆணோ பெண்ணோ நல்லபடியாகப் பிறக்கட்டும், பிலோமினா கர்த்தரைக் கும்பிட்டாலும் சரி, யாரைக் கும்பிட்டாலும் சரி, அவளுக்கும் என் ஆசீர்வாதம். உளி வேலையில் கைவிரலைப் பார்த்துக்கொள். கோதண்டத்துக்கு ஒரு வேளை வயிறாரச் சோறு போடு, கப்பலில் தன் பங்குத் தண்ணீரில் தேவகிக்கு ஒளித்துக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான், அவள் போன பிறகு நடந்த எதையும் அவளிடம் சொல்லக்கூடாது என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். உன்னிடமும் அதையே கேட்கிறேன். உன்னைப் பார்த்ததும் முதல் கேள்வியாக அடுப்பைப் பற்றித்தான் கேட்பாள், அவளை எனக்குத் தெரியும். முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல், அம்மா ஓலை அனுப்பியிருக்கிறாள், அடுப்பு எரிகிறது, எல்லோரும் சாப்பிடுகிறார்கள் என்று.

இப்படிக்கு
உன் அம்மா மணியம்மாள்
தோணிரேவு